கருக்கமுடியில் பேர் கூப்பிடுகிறார்கள்

புல் முழுக்கப் பனி. மூன்று இடத்தில் மட்டும் இல்லை.

எபி பால் இல்லாத டீயைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீஸ் படியில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான். எதிரே பெரட்டுக்களம். தோட்டத்து ஆட்கள் வேலைக்குப் போகுமுன் வரிசையாக நின்று பேர் கொடுக்கிற மைதானம். ஆறு மாதமாக ஒரு காலும் படாமல் புல் கணுக்கால் உயரத்துக்கு வளர்ந்துகிடந்தது. விடியும்போது ஒவ்வொரு நுனியிலும் வெள்ளையாகத் துளி உட்கார்ந்திருக்கும். இன்றைக்கும் இருந்தது. ஆனால் முன்வரிசை நிற்கிற இடத்தில், பக்கத்துப் பக்கத்தில், மூன்று ஜோடிப் பச்சைத் திட்டுகள். ஒவ்வொன்றும் ஒரு பாதத்தின் அளவு. பனி விழும்போது அங்கே யாரோ நின்றுகொண்டிருந்த மாதிரி. நடந்து வந்த தடமும் இல்லை, திரும்பிப் போன தடமும் இல்லை.

மிளா மானாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். மிளாவுக்கு எதற்கு மூன்று ஜோடி மனுசப் பாதம் என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

கருக்கமுடியில் அப்போது மிச்சமிருந்த ஒரே மனிதன் அவன்தான். எபினேசர், வயது இருபத்தொன்பது, எஸ்டேட் ஆபீஸ் கிளார்க். குத்தகைக் காலம் முடிந்து கம்பெனி போய்விட்டது. நானூறு குடும்பமும் கட்டிலையும் கோழியையும் லாரியில் ஏற்றிக்கொண்டு பாபநாசம் வழியாகக் கீழே இறங்கிவிட்டன. சாவிகளை ஒப்படைக்க ஒரு ஆள் வேண்டும், அதற்காகத்தான் எபியைத் திரும்ப மேலே அனுப்பியிருந்தார்கள். வந்து ஒன்பது நாளாகிறது. இன்று செவ்வாய். வியாழன் காலை ஏழு மணிக்கு சுஹைல் ஜீப் கொண்டுவருவான். ஏறி உட்கார்ந்துவிட்டால் மத்தியானச் சாப்பாடு பாளையங்கோட்டையில், மனைவி டார்லின் பக்கத்தில். அவளுக்கு ஒன்பதாம் மாதம்.

சாவியோடு நாலு பக்கத்துக்கு ஒரு குறிப்பும் கேட்டிருந்தார்கள், ஊரின் வரலாறும் பொருளாதாரமும் என்று. எபி பதினெட்டுப் பக்கம் அடித்துவிட்டான். அவனுக்கு இந்த மாதிரி விஷயம் கிடைத்தால் சோறு வேண்டாம். முதலில் காப்பி போட்டார்கள், இலையில் துரு விழுந்து காப்பி செத்தது. பிறகு காய்ச்சல் மருந்துக்காக சிங்கோனா மரம், அதற்கும் சந்தை போனது. கடைசியில் தேயிலை பிடித்தது. தேயிலையால் ஒரு சர்ச், ஒரு பள்ளிவாசல், ஒரு அம்மன் கோயில், ஒன்பது கடை, ஒரு பள்ளிக்கூடம், நாளுக்கு இரண்டு பஸ். புதன்கிழமை மத்தியான பஸ்ஸில் உவரியிலிருந்து ஐஸ் பெட்டியில் மீன் வந்து இறங்கும், அன்றைக்கு மலை முழுக்க ஒரே குழம்பு வாசம். எழுத எழுத அவனுக்கு ஒன்று பிடிபட்டது. இந்த ஊரில் செடி வெளியூர், மண் குத்தகை, ஆட்கள் கொண்டுவரப்பட்டவர்கள். ஊருக்கென்று சொந்தமாக இருந்தது ரிஜிஸ்தரில் உள்ள பேர்கள்தான்.

பழைய ரிஜிஸ்தர் ஒன்றின் முதல் பக்கத்தில் ஒரு விதி எழுதியிருந்தது. ‘மூன்று தரம் கூப்பிட்டும் பேர் கொடுக்காதவர் வீட்டுக்கு ஆள் அனுப்பவும்.’ அந்தக் காலத்தில் குளிரும் அட்டையும் தாங்காமல் சனங்கள் ராத்திரியோடு ராத்திரியாகச் சொந்த ஊருக்கு ஓடிவிடுவார்களாம். ஆள் போகும். விடியுமுன் போய்ச் செருப்பு மாட்டக்கூட விடாமல் எழுப்பிக் கூட்டிவந்து மறுபடி வரிசையில் நிறுத்தும். அந்த ஆளின் பேர் மட்டும் எந்தத் தாளிலும் இல்லை. ஆள் என்றுதான் இருந்தது.

இதையும் குறிப்பில் சேர்த்திருந்தான். நல்ல விஷயமாகத் தோன்றியது.

களத்துக்குக் கீழே இருபது படி இறங்கினால் சர்ச். அதன் வாசலில் மட்டும்தான் டவர் கிடைக்கும். எட்டு மணிக்கு டார்லினைக் கூப்பிட்டான்.

"என்ன அத்தான், அங்கன பேயி பிசாசு எல்லாம் சௌக்கியமா?"

"ஒன்னத் தவிர எல்லாம் இங்கதான் இருக்கு."

"இருக்கும் இருக்கும். ஒம்ம பிள்ள உள்ள மிதிக்குத மிதியில நான் தூங்கியே மூணு நாளாச்சு. அக்கா வீட்டு மாடிப்படி ஏற முன்ன ஒரு ஜெபம், ஏறின பெறவு ஒரு ஜெபம்." சிரித்தாள். பிறகு குரலை இறக்கினாள். "அத்தான், ஒண்ணு சொல்லுதேன், பதறப்படாது. பெருமாள்ராஜ் அண்ணனக் காணும்."

பெருமாள்ராஜ் எஸ்டேட் லாரி ஓட்டியவன். எபியோடு பள்ளிக்கூடம் போனவன்.

"எங்க போய்த் தொலைஞ்சான்?"

"யாருக்குத் தெரியும்? இன்னைக்கு விடியமுந்தி எந்திச்சுப் போயிருக்காவ. போனு கட்டில்ல கெடக்கு. செருப்பு வாசல்ல கெடக்கு. நேத்து சுல்தான் மாமாவும் இப்படித்தான் போனாவ. அதுக்கு முந்துன நாளு கனி அக்கா."

மற்ற இருவரும் கருக்கமுடியில் வேலை பார்த்தவர்கள்தான். எபி படியில் உட்கார்ந்தான். "மூணு பேரா?"

"மூணு பேரு. கீழ இருக்கப் பிடிக்காம மேல நடந்தே ஏறிருப்பாவன்னு எல்லாரும் பேசிக்கிடுதாவ. அங்கன வந்தாவளா?"

"இங்க யாரும் வரல" என்றான். சொல்லும்போதே கண் மேலே களத்துக்குப் போனது.

அன்று பகல் முழுக்கத் தேடினான். வந்திருந்தால் எங்கேயாவது படுத்திருப்பார்கள் அல்லவா. ஆட்கள் குடியிருந்த ஒவ்வொரு லைன் வீட்டுக் கதவாகத் தள்ளினான். ஒரு வீட்டில் கரி பிடித்த சுவரும் எலிப்புழுக்கையும், அடுத்ததில் யாரோ மறந்துபோன கர்த்தர் படமும், அதற்கடுத்ததில் பிள்ளைகள் கரிக்கட்டையால் கோடு போட்டு உயரம் அளந்த கதவும், எல்லா வீட்டிலும் பூட்டிக் கிடந்த ஈரத்தின் வாடையுமாக நடந்துகொண்டே இருந்தான். வாய்விட்டுக் கூப்பிட்டும் பார்த்தான். கூப்பிட்ட குரல் லைனின் அந்தக் கோடி வரைக்கும் போய், சுவரில் முட்டி, கொஞ்ச நேரம் கழித்து அவனிடமே வந்தது. கிளை வெட்டுகிற கவாத்து இல்லாமல் தேயிலைச் செடிகள் ஆள் உயரத்துக்கு மரமாகிவிட்டன. அவற்றுக்குள் காற்று நுழைகிற சத்தம், யாரோ இடுப்பில் சாக்குக் கட்டிக்கொண்டு நடக்கிற மாதிரியே இருந்தது.

சாயங்காலம் ஆபீஸ் மேசையில் கடைசி நாள் தாளை எடுத்துப் பார்த்தான். ஆறு மாதத்துக்கு முன்னால் கடைசிப் பெரட்டில் ஆறே பேர். அன்றைக்குக் கூப்பிட்டவன் அவன்தான். அவன் கையெழுத்திலேயே வரிசையாக இருந்தது. கனி. முகம்மது சுல்தான். பெருமாள்ராஜ். ஆவுடைநாயகம். டார்லின். கடைசியில் எபினேசர்.

காணாமல் போனவர்கள் அந்த வரிசையிலேயே போயிருந்தார்கள்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு ஒரு குரல் அவனை எழுப்பியது.

"கனி."

ஆபீஸ் பின்னறையில் கம்பளிக்குள் கிடந்தவன் அசையவில்லை. ஜன்னலுக்கு வெளியே மேகம் இறங்கி வெள்ளையாக நின்றது. குரல் களத்துப் பக்கமிருந்துதான். ஆண் குரலா பெண் குரலா என்று சொல்ல முடியாது. கத்தவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் சாதாரணமாகச் சொல்கிற மாதிரி இருந்தது, ஆனால் அறைக்குள் வரைக்கும் கேட்டது.

"இருக்கேன்." கனியக்காள் குரல்.

"முகம்மது சுல்தான்."

"இருக்கேன்."

"பெருமாள்ராஜ்."

"இருக்கேன்." தூக்கம் கலையாத அந்தக் கரகரப்பு. பெருமாள்ராஜ்தான். எபிக்கு ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது. நடந்தே ஏறி வந்துவிட்டார்கள் பாவிகள், எழுந்து போய் நாலு திட்டுத் திட்டலாம் என்று காலைத் தரையில் வைத்தான்.

"ஆவுடைநாயகம்."

பதில் இல்லை.

"ஆவுடைநாயகம்."

காற்று நின்றுவிட்டிருந்தது. சில்வண்டுச் சத்தம்கூட இல்லை.

"ஆவுடைநாயகம்."

மூன்று. எபி கட்டிலில் உட்கார்ந்தபடியே இருந்தான். கொஞ்ச நேரம் கழித்து ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு காலடி. கனமான, அவசரமில்லாத காலடி. ஆபீஸைக் கடந்து, சர்ச் படி இறங்கி, கீழே போகிற ரோட்டில் போய்க்கொண்டே இருந்தது. வெறுங்கால்.

வெயில் வந்த பிறகுதான் கதவைத் திறந்தான். களத்தில் மூன்று ஜோடித் திட்டு. ஒரு ஆளும் இல்லை.

சர்ச் வாசலுக்கு ஓடினான். ஆவுடைநாயகம் முப்பது வருஷம் கங்காணியாக இருந்தவர், இப்போது களக்காட்டில் மகள் வீட்டில் இருக்கிறார். ரிங் போய்க்கொண்டே இருந்தது. எடுத்தார்.

"ஏலே எபி! என்னலே, இன்னைக்குப் புதன்லா? உவரி மீனு வந்துட்டா?"

எபிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அண்ணாச்சி, நல்லாருக்கியளா?"

"எனக்கு என்ன வே கொள்ள. மக வீட்டுல வேளாவேளைக்கு இட்லி. பேரப்பிள்ளைக்கு வாழைத்தார் பேர் சொல்லிக் குடுத்துக்கிட்டுக் கெடக்கேன். நீ ஏன் இழுத்து இழுத்துப் பேசுத?"

"இன்னைக்கு ராத்திரி கதவ நல்லாப் பூட்டிட்டுப் படுங்க அண்ணாச்சி. விடியக்காலம் யாரு கூப்பிட்டாலும் போகாதிய."

அந்தப் பக்கம் கதவு சாத்துகிற சத்தம். பிறகு மெதுவாகக் கேட்டார். "அங்க பேரு கூப்பிடுதாவளால?"

"ஒங்களுக்கு எப்படி..."

"நாலு நாளா காலைல ஆறு மணிக்கு முழிப்பு வருது. காதுல விழுவுது. கனி பேரு, சுல்தான் பேரு. வயசாவுதுல்லா, பிரமைன்னு நெனச்சேன். இன்னைக்கு எம் பேரு விழுந்துச்சு." சிரிக்கப் பார்த்தார். "முப்பது வருசம் நான் கூப்பிட்டேன். ஒரு நாளு என்னையக் கூப்பிட்டா என்ன, கொறஞ்சா போயிருவேன்? வையி, பிள்ள அழுவுது."

வைத்துவிட்டார்.

எபி விரல் விட்டு எண்ணினான். நாலாவது பேர் ஆவுடைநாயகம். ஐந்தாவது டார்லின்.

அவள் அந்தத் தாளில் இருந்ததே தப்பு. கடைசிப் பெரட்டுக்கு அவள் வரவேயில்லை. மூன்றாம் மாதம், தலை தூக்க முடியாமல் வாந்தி. ஆனால் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி எழுந்திருக்க முடியாமல் கிடந்தால் பக்கத்து வீட்டுக்காரி அவள் குரலிலேயே பேர் கொடுத்துவிடுவாள். பேர் கொடுத்தவள் அன்றைக்கு முழுக்க அவளாகவே இருக்கவேண்டும். அவள் வரிசையில் நின்று, அவள் கூடையை நிரப்பி, அவள் பேருக்குத் திரும்பி. பேர் கொடுத்தவளுடைய பேருக்கு வேறு யாராவது குரல் கொடுத்துக்கொள்வார்கள், அது களத்து மரியாதை. டார்லினுக்கு எப்போதும், அன்றைக்கும், கனியக்காள்தான். மெல்லிசாக மூக்கால் இழுத்து "இருக்கேஏன்" என்பாள், பெண்கள் எல்லாம் முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பார்கள். "ஏ கனி, ஒனக்கு ரெண்டு வாயாட்டி?" என்பார் ஆவுடைநாயகம். தாளைப் பிடித்திருந்த எபி ஒன்றும் தெரியாதவன் மாதிரி குறி போட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போவான்.

இப்போது குரல் கொடுக்க அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

நடந்தே இறங்கிவிடலாம். காட்டுக்குள் இருபது கிலோமீட்டர், யானை இருந்தாலும் இருக்கட்டும், இரவுக்குள் போய் அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாம். பிடித்துக்கொண்டு? காலையில் இங்கே மூன்று தரம் கூப்பிட்டு முடித்த பிறகு, அங்கே அந்தக் காலடி படியேறி வரும்போது, கையைப் பிடித்துக்கொண்டு என்ன செய்ய? சுல்தான் மாமா பக்கத்தில் அவர் பெண்டாட்டி படுத்துத்தான் இருந்திருப்பாள்.

சாயங்காலம் டார்லினே கூப்பிட்டாள்.

"நாளைக்கு வந்துருவியள்லா?"

"வந்துருவேன்."

"எனக்கு என்னமோ கால் ரெண்டும் சில்லுனு இருக்கு அத்தான். பச்சப்புல்லுல நிக்க மாரி."

"போர்வையப் போட்டுக்கோட்டி" என்றான். பேர் கூப்பிடுவதைச் சொன்னால் பயந்துவிடுவாள். பயந்தால் பிள்ளைக்கு ஆகாது.

"அங்கன தனியாவா இருக்கிய?"

"தனியாத்தான் இருக்கேன்" என்றான்.

வியாழன் ஐந்தரைக்கே களத்துக்கு வந்துவிட்டான். ஜெர்கினை மறந்து ஆபீஸ் ஆணியிலேயே விட்டுவிட்டான். எடுக்கத் திரும்பிப் போகப் பயம். மேகம் முழுசாக இறங்கியிருந்தது. நீட்டினால் தன் கை முழங்கைக்கு அப்பால் தெரியவில்லை. ஈர மண், அழுகிய இலை, எங்கிருந்தோ வாடப்போட்ட கொழுந்தின் வாசம், ஆறு மாதமாக ஓடாத ஃபாக்டரியின் வாசம், மூக்குக்குள் ஏறி நெஞ்சில் இறங்கியது. முன்வரிசையில், டார்லின் நிற்கவேண்டிய ஐந்தாவது இடத்தில், தானே போய் நின்றான். இடது பக்கம் குளிர் கூடுதலாக இருந்தது. ஆட்கள் நின்றால் சூடுதானே வரும். இது அப்படி இல்லை.

இடது பக்கம் திரும்பவில்லை.

"கனி."

"இருக்கேன்."

காதுக்கு நாலு முழம் தூரத்தில்.

"முகம்மது சுல்தான்."

"இருக்கேன்."

"பெருமாள்ராஜ்."

"இருக்கேன்."

"ஆவுடைநாயகம்."

பேசாமல் இருங்க, பேசாமல் இருங்க அண்ணாச்சி, களக்காட்டிலேயே இருங்க.

"இருக்கேன்." தோளுக்குப் பக்கத்திலேயே. அந்தக் குரலில் சிரிப்பு இல்லை.



"டார்லின்."

வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

"டார்லின்."

ஒருவேளை அவள் இங்கே. இல்லை. இல்லை. அவள் மாடி வீட்டில். தூங்குகிறாள். பிள்ளை மிதிக்கிறது.

"டார்லின்."

"இருக்கேஏன்!"

மெல்லிசாக. மூக்கால் இழுத்து. கனியக்காள் செய்வது மாதிரியேதான் செய்தான். அவனே எதிர்பாராத அளவுக்கு டார்லின் குரலாக வந்துவிட்டது.

எங்கோ ஒரு சொட்டு விழுந்தது.

காலடி கேட்கவில்லை. ரோட்டில் யாரும் இறங்கவில்லை. கேட்கவே இல்லை. ஏற்றுக்கொண்டார்கள். எபிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தப்பித்துவிட்டாள். இனி ஒரே ஒரு பேர். அவனுடையது. அவன்தான் இங்கேயே நிற்கிறானே, சொன்னால் முடிந்தது.

"எபினேசர்."

மூச்சை இழுத்தான்.

"இருக்கேன்."

அவன் சொல்லவில்லை.

பின்னால். ஆபீஸ் வாசலில் இருந்து. சளி கட்டின அவன் குரல். முடிவில் தொண்டையைச் செருமுகிற அவன் பழக்கம்.

திரும்ப முயன்றான். கழுத்து திரும்பியது. கால் திரும்பவில்லை. குனிந்து பார்த்தான். பாதத்தைச் சுற்றிப் புல் நுனிகளில் பனி. பாதத்தின் கீழே பச்சை.

கீழே வளைவில் ஜீப் சத்தம். ஏழு மணி. மேகம் நூல் நூலாகப் பிரிய, ஆபீஸ் படியில் ஒருவன் நின்று கதவைப் பூட்டினான். எபி ஆணியில் விட்டுவந்த நீல ஜெர்கின். தோளில் லேப்டாப் பை. சாவிக்கொத்தைச் சுண்டுவிரலில் மாட்டிச் சுழற்றினான்.

"என்ன வே எபி, ராத்திரி தூங்குனியா, இல்ல பதினெட்டு பக்கத்த இருபதாக்குனியா?" சுஹைல் ஜீப்பிலிருந்தே கத்தினான்.

"முடிச்சாச்சு வே" என்றது எபியின் குரல். "எல்லாம் முடிச்சாச்சு."

சுஹைல்! இங்க பாரு சுஹைல்! எபி வயிற்றிலிருந்து கத்தினான். தொண்டைக்கு வரும்போது அது வேறாக வந்தது.

"இருக்கேஏன்."

சுஹைல் களத்துப் பக்கம் திரும்பினான். எபியின் முகத்துக்கு நேரே பார்த்தான். பார்வை நிற்காமல் புல்லைத் தாண்டிப் போயிற்று. "யாரோ பொம்பளப் பிள்ள சத்தம் மாரி கேட்டுச்சே?"

"கருங்கொரங்கு. பதினோரு நாளா இப்படித்தான் கத்துது. ஏறு, போவோம்."

ஜீப் இறங்கி சர்ச் வாசலில் ஒரு நிமிஷம் நின்றது. அங்கேதான் டவர் கிடைக்கும். களத்தின் ஓரத்துக்கு நேர் கீழே, இருபது படி தூரம். ஸ்டியரிங்கில் சாய்ந்து சுஹைல் கொட்டாவி விட்டான், அந்தக் குளிரில் அவன் வாயிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பிக் கண்ணாடியில் படர்ந்தது. பக்கத்து சீட்டில் இருந்தவன் போனைக் காதில் வைத்து, எபி சிரிக்கிற மாதிரியே தலையைப் பின்னால் சாய்த்து, வாயை அகலமாகத் திறந்து சிரித்தான்.

"ஆமா டார்லி, கெளம்பிட்டேன். மத்தியானம் ஒம் பக்கத்துல இருப்பேன். பிள்ள மிதிக்குதா? மிதிக்கட்டும், மிதிக்கட்டும், நான் வந்து பாக்கேன்" என்று பேசிக்கொண்டே இருந்தான். அவன் பக்கத்துக் கண்ணாடி தெளிவாகவே இருந்தது. திறந்த வாயிலிருந்து ஒரு துளி ஆவியும் வரவில்லை.